ஸ்கேனரும் மல்டிமீட்டரும்: டீசல் வண்டியின் காற்று வெப்பச் சென்சாரைச் சோதிக்கும் இரு வழிகள்

டீசல் வண்டியில் செக் லைட் எரிகிறது. ஸ்கேனரை மாட்டினால் பி0113 என்று ஓர் எரர் கோட் வருகிறது. காற்று வெப்பச் சென்சார் போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார்கள். புதுச் சென்சார் போட்டு, கோடை அழித்து, வண்டியை அனுப்புகிறார்கள். சில நாளில் அதே லைட், அதே கோட். தமிழ்நாட்டில் அநேகமாக எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் நடக்கிற சங்கதி இது. மெக்கானிக்கின் நேர்மையைச் சந்தேகிக்க இதில் எதுவும் இல்லை. கருவி சொன்னதைவிடக் கூடுதலான பொருளை அவர் அதிலிருந்து எடுத்துக்கொண்டார், அதுதான் நடந்தது.

இந்தச் சென்சாரைச் சோதிக்க நம் பட்டறைகளில் இரண்டு கருவிகள் புழங்குகின்றன. மல்டிமீட்டர் மூத்தது. வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ஏவோமீட்டர் 1923இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. பிரிட்டிஷ் தபால் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடி, அளவைக்கு ஒரு மீட்டராகச் சுமந்து திரிய முடியாமல் வடிவமைத்த கருவி அது. ஸ்கேனர் இளையது. அமெரிக்காவில் 1996 மாடல் கார்களுக்கு ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை கட்டாயமான பிறகுதான், எல்லாக் கம்பெனி வண்டிக்கும் ஒரே பதினாறு பின் சாக்கெட், ஒரே வகைக் கோட் என்ற நிலை வந்தது. இந்தியாவில் 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 மாசு விதி நாடு முழுவதற்கும் வந்தது, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தது. அதன்பின் ஸ்கேனர் இல்லாமல் டீசல் பட்டறை நடத்துவது கஷ்டம். அது வந்த வேகத்தில் மல்டிமீட்டர் பல இடங்களில் மேஜை டிராயருக்குள் போய்விட்டது. இதை ஒரு பெரிய நஷ்டமாகவே நான் பார்க்கிறேன். இரண்டு கருவிகளும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஸ்கேனர் காட்டுவது, காற்று எத்தனை டிகிரி என்று இசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி, நம்பிக்கொண்டிருக்கிறதோ அந்த எண்ணை. மல்டிமீட்டர் காட்டுவது சென்சாரும் வயரும் உண்மையில் இருக்கும் நிலையை. கோளாறு பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சென்சார் என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். உள்ளே இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு தெர்மிஸ்டர். இப்படிச் சூட்டில் தடை குறையும் குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833இலேயே வெள்ளி சல்ஃபைடில் கண்டு எழுதியிருக்கிறார். இன்று பல டீசல் வண்டிகளில் இருக்கும் பாஷ் வகைச் சென்சாரில் 20 டிகிரியில் தடை சுமார் 2500 ஓம். 40 டிகிரியில் சுமார் 1170, 80 டிகிரியில் 320 அளவுக்கு இறங்கிவிடும். இசியு தன் உள்ளே இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சாரின் தடைக்கு ஏற்ப அந்த வோல்ட் இறங்குகிறது. இறங்கிய வோல்ட்டை இசியு டிகிரியாகப் படித்துக்கொள்கிறது. மொத்த ஏற்பாடும் இரண்டு வயரில் முடிகிறது.

டீசலில் இதற்கு என்ன அவசியம்? பெட்ரோல் எஞ்சினைப்போலக் காற்றை அடைத்துத் திறந்து டீசல் எஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. டீசலின் அளவைக் கூட்டிக் குறைத்துத்தான் கட்டுப்படுத்துகிறார்கள். ஆனால் உள்ளே போன காற்றில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று தெரியாமல் டீசலைக் கூட்டினால் கரும்புகைதான் வரும். காற்று சூடானால் அடர்த்தி குறையும். டர்போ அழுத்திய காற்று நூறு டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது, இன்டர்கூலர் அதைத் தணிக்கிறது. அதனால் பல காமன் ரெயில் வண்டிகளில் இரண்டு இடத்தில் வெப்பம் பார்க்கிறார்கள். ஏர் ஃபில்டரை ஒட்டி, காற்றின் அளவைப் பார்க்கும் மாஃப் சென்சாருக்குள்ளேயே ஒன்று, இன்டர்கூலருக்குப் பின்னால் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரோடு சேர்ந்து இன்னொன்று. எல்லா வண்டியிலும் இரண்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

இன்டர்கூலருக்குப் பின்னால் இருக்கும் சென்சாருக்குத்தான் பாடு அதிகம். எஞ்சின் மூச்சுக் குழாயிலிருந்து வரும் ஆயில் ஆவியும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வழியாக வரும் கரியும் சேர்ந்து அதன் முனையில் தார்போலப் படிந்துவிடும். அதைக் கழற்றிப் பார்த்தாலே, வண்டி எப்படி வாழ்ந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஸ்கேனரின் உண்மையான பலம் எரர் கோடில் இல்லை, லைவ் டேட்டாவில் இருக்கிறது. அதிலும் மிக எளிய, மிக நம்பகமான சோதனைக்குச் செலவே கிடையாது. வண்டியை இரவெல்லாம் நிறுத்தி வையுங்கள். காலையில் வெயில் படும் முன், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், இருந்தால் வெளிக்காற்று வெப்பம், இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள வெப்பம் எல்லாவற்றையும் ஒரே திரையில் பாருங்கள். வண்டி முழுக்க ஒரே சூட்டில் இருக்கும் நேரம் அது. எல்லா எண்களும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒட்டி நிற்க வேண்டும். மூன்று சென்சார் 27, 28 என்று சொல்லும்போது நான்காவது மட்டும் 17 என்று சொன்னால், சந்தேகத்துக்குரியது எது என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு மேனுவல் வேண்டாம், ஓம் பட்டியல் வேண்டாம், ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம்.

மீட்டரால் இதைச் செய்ய முடியாது. சென்சாரின் தடை 2800 ஓம் என்று மீட்டர் சொன்னால், அது சரியா தப்பா என்று அந்தச் சென்சாருக்குரிய பட்டியல் கையில் இருந்தால்தான் தெரியும். 25 டிகிரியில் 2000 ஓம் காட்டும் சென்சாரும் உண்டு, வேறு அளவு காட்டும் சென்சாரும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும், வயரை மாட்டும் கப்ளரும் கச்சிதமாகப் பொருந்தும். விலை குறைந்த மாற்றுச் சென்சார் வாங்கிப் போடும் இடங்களில் இந்தக் குழப்பம் வருகிறது. 2000 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 2800 ஓம் இருந்தால் இசியு அந்த 25 டிகிரியை ஏறக்குறைய 17 டிகிரியாகப் படிக்கும். மீட்டரில் பார்த்தால் அந்தப் புதுச் சென்சார் சூட்டுக்கு ஏற்ப அழகாகத் தடையைக் குறைக்கும், குறை சொல்ல ஒன்றுமிருக்காது. காலைச் சோதனையில் ஸ்கேனர் அதைப் பிடித்துவிடும்.

ஸ்கேனரிடம் மட்டுமே இருக்கும் இன்னொரு பொருள் ஃப்ரீஸ் ஃபிரேம். கோட் விழுந்த அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், கூலன்ட் எத்தனை டிகிரி என்பதை இசியு பதிந்து வைத்திருக்கும். ஆனால் அதைத் திறந்து பார்க்காமலே கோடை அழித்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. வருத்தப்பட வேண்டிய விஷயம் இது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும் விழுகிற கோட் என்றால், அது சூட்டோடு சம்பந்தப்பட்டது. வாட்டர் சர்வீஸ் முடித்து வெளியே வந்ததும் விழுந்தது என்றால், கப்ளருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். இவ்வளவு பெரிய துப்பை ஒரு பட்டனில் அழித்துவிட்டு, பிறகு இருட்டில் தேடுகிறோம்.

கரி படிந்து மந்தமாகிப்போன சென்சாரையும் ஸ்கேனர்தான் காட்டும். அதன் தடை சரியாக இருக்கும், காலைச் சோதனையிலும் தேறிவிடும். ஆனால் காற்று சட்டென்று சூடாகும்போது அது பின்தங்கி வரும். லைவ் டேட்டாவை வரைபடமாக வைத்துக்கொண்டு, பாரத்தோடு ஒரு மேட்டில் ஏற்றி இறக்கிப் பார்த்தால், டர்போ அழுத்தம் ஏறியும் வெப்பக் கோடு அசையாமல் கிடப்பது கண்ணுக்குத் தெரியும். நின்று அளக்கும் மீட்டருக்கு அந்தக் கால இடைவெளி தெரியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், பாகத்தை மாற்றும் முடிவை ஸ்கேனரை மட்டும் நம்பி எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. பி0113 என்ற கோடின் விளக்கத்தில் ‘ஹை’ என்று இருக்கும். காற்று அதிகச் சூடு என்று அதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். உயர்ந்திருப்பது வோல்ட். வோல்ட் உயர்ந்தால் இசியு அதைக் கடுங்குளிர் என்று படிக்கும். திரையில் மைனஸ் 40 வரும். இசியு அனுப்பும் எண்ணிலிருந்து 40ஐக் கழித்துத்தான் ஸ்கேனர் டிகிரியைக் காட்டுகிறது. எண் சுழியம் என்றால் மைனஸ் 40. கீழே போக இடமில்லாத எல்லை அது. தமிழ்நாட்டு வண்டியில் மைனஸ் 40 என்று கண்டால் எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது என்று பொருள். அது சென்சாருக்குள் அறுந்திருக்கலாம், கப்ளர் பின் பின்வாங்கியிருக்கலாம், எலி கடித்த வயராக இருக்கலாம், எர்த் போயிருக்கலாம், அபூர்வமாக இசியுவே காரணமாகலாம். கோட் இந்த ஐந்தையும் பிரித்துச் சொல்லாது. பி0112 இதற்கு நேர்மாறு: வோல்ட் தாழ்ந்துபோனது, வயர் எங்கோ எர்த்தோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், திரையில் நம்ப முடியாத சூடு தெரியும். இன்டர்கூலருக்குப் பின்னால் உள்ள சென்சாருக்குத் தாழ்வு பி0097 என்றும் உயர்வு பி0098 என்றும் வரும். கனரக லாரிகளில் கோட் முறையே வேறு. அங்கே எஸ்பிஎன் 105 என்பது மேனிஃபோல்ட் காற்றின் வெப்பம், அதோடு வரும் எஃப்எம்ஐ 3 என்றால் வோல்ட் உயர்வு, 4 என்றால் தாழ்வு. முறை மாறினாலும் கோட் குற்றம் சொல்வது சர்க்யூட்டைத்தான், சென்சாரை மட்டும் அல்ல.

இந்த இடத்தில்தான் மல்டிமீட்டரின் வேலை தொடங்குகிறது. கப்ளரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, இசியு பக்கமிருந்து வரும் சிக்னல் வயரில் 5 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்தால் 5 வோல்ட் வருகிறது, அதே முனையைக் கப்ளரின் எர்த் பின்னில் வைத்தால் வரவில்லை என்றால், சிக்னல் வயர் நன்றாக இருக்கிறது, எர்த் வயர்தான் அறுந்திருக்கிறது. ஒரு நிமிட வேலை. அந்த எர்த்தைப் பல வண்டிகளில் மற்ற சென்சார்களும் பங்கு போட்டுக்கொள்ளும். அதனால் கூலன்ட், காற்று இரண்டும் ஒரே சமயத்தில் வழக்கத்தைவிடக் குளிராகக் காட்டினால், இரண்டு சென்சார் வாங்காமல் முதலில் அந்தப் பொது எர்த்தைத் தேடுங்கள்.

மேப் சென்சாரோடு சேர்ந்து வருவதில் நான்கு பின் இருக்கும். அதில் ஒன்று 5 வோல்ட் சப்ளை. எந்தப் பின் எது என்று வயரிங் படம் பார்க்காமல் கம்பி வைத்து இரண்டு பின்னை இணைத்துவிட்டால், அந்தச் சப்ளையை நம்பி இருக்கும் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும். மீட்டர் முனைக்கும் இதே கவனம் வேண்டும். தடித்த முனையைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் திணித்தால் அது விரிந்துபோகும், சோதித்த கையாலேயே புதிய லூஸ் கனெக்‌ஷனை உண்டாக்கியதாகிவிடும். வயரின் தோலில் ஊசி குத்திப் பார்ப்பதும் அப்படித்தான். அந்த ஓட்டை வழியாக மழைநீர் இறங்கி, சில மாதத்தில் செம்பு களிம்பேறி, யாரும் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் அறுந்து நிற்கும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய பின்னை விட்டு அளப்பதே முறை.

சென்சாரைத் தனியாக எடுத்து அளப்பதும் எளிது. கப்ளர் கழன்றிருக்க வேண்டும். மீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து, முனையை ஹேர் டிரையரால் சூடாக்கினால் எண் தாவாமல், திணறாமல் இறங்க வேண்டும், ஆறும்போது அதேபோல ஏற வேண்டும். நடுவில் ஒரு முறை எண் பாய்ந்தாலும் சென்சார் குப்பைக்குத்தான். சூடாக்க வேண்டும் என்று, அழுத்தமும் அளக்கும் சென்சாரைத் தண்ணீரில் முக்காதீர்கள்.

ஆனால் மீட்டரை மட்டும் நம்புகிறவருக்கும் ஒரு பொறி காத்திருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்சார் புத்தம் புதிது. கப்ளரின் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு, அதனால் வழியில் 500 ஓம் கூடுதல் தடை. காலை 20 டிகிரியில் சென்சார் 2500 ஓம், களிம்போடு சேர்த்து 3000 ஓம். இசியு அதை 15 டிகிரி என்று படிக்கும். ஐந்து டிகிரி வித்தியாசம்தான், காலைச் சோதனையில் கண்ணில் படலாம், படாமலும் போகலாம். அதே வண்டி பாரத்தோடு மலை ஏறுகிறது. இன்டர்கூலருக்குப் பின்னால் காற்று 80 டிகிரி. சென்சார் 320 ஓம், களிம்போடு 820 ஓம். இசியு படிப்பது 50 டிகிரி! முப்பது டிகிரி பொய். காற்று இருப்பதைவிட ஒன்பது சதவீதம் அடர்த்தியானது என்று இசியு நம்பும். இந்தச் சென்சாரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் வண்டி என்றால், இல்லாத ஆக்சிஜனுக்கு டீசலை அனுமதிக்கும். புகை தள்ளும், பிஎஸ்-6 வண்டியில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் சீக்கிரம் நிறையும். ஆனால் 50 டிகிரி என்பது நம்பத்தகுந்த எண் என்பதால் எரர் கோட் விழாமலே போகலாம். பட்டறைக்கு வந்ததும் கப்ளரைக் கழற்றிச் சென்சாரை மீட்டரில் வைத்தால் நூற்றுக்கு நூறு தேறும். கோளாறு இருந்த கப்ளரைத்தான் கழற்றி ஓரமாக வைத்துவிட்டோமே!

சூடு ஏற ஏறப் பொய் பெருகும் இந்தக் கோளாறை இரண்டு கருவியும் ஒன்றாக நின்றால்தான் பிடிக்க முடியும். அதற்கு ஒரு சுருக்கமான வழி, கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். சென்சாரைக் கழற்றி, கப்ளரின் சிக்னல், எர்த் பின்களுக்கிடையே 2200 ஓம் ரெசிஸ்டரை வைத்தால், பாஷ் வகைச் சென்சார் வண்டியில் ஸ்கேனர் 22, 23 டிகிரி காட்ட வேண்டும். அதை எடுத்துவிட்டு 330 ஓம் வைத்தால் 80 டிகிரிக்குச் சற்றுக் கீழே காட்ட வேண்டும். இரண்டும் சரியாக வந்தால் வயரும் கப்ளரும் இசியுவும் நலம், பழி சென்சார்மேல்தான். முதலாவது ஏறக்குறையச் சரி, இரண்டாவது முப்பது டிகிரி தவறு என்றால் சென்சாரைத் தொட வேண்டாம், வழியில் தடை இருக்கிறது. ஸ்கேனரும் மீட்டரும் தனித்தனியே தர முடியாத தீர்ப்பு இது. வயரை அசைத்துக்கொண்டே திரையைப் பார்த்தால், விட்டு விட்டு வரும் கோளாறும் வெளிப்பட்டுவிடும்.

இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்ற நிலையில் ஓர் இளம் மெக்கானிக் இருந்தால், நான் முதலில் மல்டிமீட்டரைத்தான் சொல்வேன். ஸ்கேனரைப் பக்கத்துப் பட்டறையில் கேட்டு வாங்கி ஒரு முறை மாட்டிப் பார்க்கலாம், போனில் இயங்கும் சிறிய ஓபிடி அடாப்டர்கூட கார்களின் காலைச் சோதனைக்குப் போதும். வோல்ட் எங்கே நிற்கிறது, தடை எங்கே கூடுகிறது என்று மீட்டர் பிடித்துப் பழகிய கைக்கு ஸ்கேனர் எண்களின் பொருள் தானே விளங்கும். ஸ்கேனரில் மட்டும் பழகியவருக்கு மீட்டர் அப்படி விளங்குவதில்லை. வேலை செய்யும் வரிசை மட்டும் மறுதலை: வண்டி உள்ளே வந்ததும் முதலில் ஸ்கேனர், ஃப்ரீஸ் ஃபிரேம், லைவ் டேட்டா. பாகம் வாங்கும் முன் கடைசியாக மீட்டர்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காற்று வெப்பச் சென்சாரை மாற்ற வேண்டும் என்று சொன்னால், பணம் கொடுக்கும் முன் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஆறிய எஞ்சினில் கூலன்ட்டும் காற்றும் எத்தனை டிகிரி காட்டின, கழற்றிய கப்ளரில் எத்தனை வோல்ட் இருந்தது, சென்சாரின் தடை எத்தனை ஓம். மூன்றையும் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை நம்பி விடுங்கள். சொல்ல முடியாதவரிடம் கோபப்படாமல், அளந்து பார்த்துவிட்டுப் பிறகு மாற்றச் சொல்லுங்கள். அளப்பதற்கான கூலியையும் தனியாகக் கொடுங்கள்.